பொருள்: சண்டை விளையாட்டில் 'சைட்ஸ்ரெப்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேவை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து கணினி ஆசிரியை:

அன்பின் குழுமத்தினருக்கு வணக்கம். எமது விளையாட்டு வடிவமைப்புப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். முப்பரிமாணச் சண்டை விளையாட்டை விளையாடத் தகுந்ததாக்குவது எது என்ற அத்தியாயம் மட்டும், தாக்குதலுக்குத் தப்பப் பக்கவாட்டில் ஓரடி ஒதுங்குவதைக் குறிக்கும் 'சைட்ஸ்ரெப்' என்ற ஒரு சொல்லில் தடக்குப்பட்டு நிற்கிறது.

உருவங்களை முப்பரிமாணத்தில் வரைந்துவிட்டால் போதாது என்பதே அத்தியாயத்தின் வாதம். 1993 இல் செகா நிறுவனத்தில் யு சுசுகி உருவாக்கிய வேர்ச்சுவா பைற்றரில் உடல்கள் பல்கோணங்களால் ஆனவை. சண்டையோ பெரும்பாலும் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் நடந்தது. 1996 இல் அதன் மூன்றாம் பாகம் ஒதுங்குவதற்கென்றே ஒரு பொத்தானைத் தந்தது. 1997 இல் ரெக்கன் 3 அந்த அசைவை எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவாக்கியது. 1998 இல் வந்த சோல்கலிபர் எட்டுத் திசைகளிலும் நடக்கவிட்டது. மேலிருந்து இறங்கும் வாள்வீச்சுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து தப்பலாம். அப்படி நகர்பவரைக் கிடையாக வீசும் வாள் பிடித்துவிடும். அதை நின்று தடுக்கலாம். எதிராளி எதை வீசுவார் என்ற ஊகத்தில்தான் மூன்றாவது பரிமாணம் உயிர் பெறுகிறது.

'பக்க நகர்வு' கணினி வகுப்பில் எடுபடாது. மாணவர் அதை இணையப் பக்கத்தை உருட்டுவதாகவே விளங்கிக்கொள்கின்றனர். வேறு சொல் தாருங்கள்.

நல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தங்கைக்கு வணக்கம். சொல் நம்மிடம் இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். விலங்குதல் என்றால் குறுக்காதல். சங்கப் பாடல்களில் வரும் 'விலங்குமலை' குறுக்கே கிடக்கும் மலை. மலைக்கு விலங்கல் என்ற பெயரும் அதனால் வந்தது. மனிதன் நிமிர்ந்து வளர, உடல் கிடையாக வளர்வதால் மாவினத்துக்கும் விலங்கு என்று பெயர். காலில் குறுக்கே பூட்டப்படுவதால் தளையும் விலங்காயிற்று. வடமொழியிலும் 'திர்யக்' என்பது குறுக்கானதையும் மிருகத்தையும் சேர்த்தே குறிப்பதை ஒப்புநோக்குக. ஆகவே தாக்குதற் கோட்டுக்குக் குறுக்காக எடுத்து வைக்கும் அடியை 'விலங்கடி' என்க.

கொக்குவிலிலிருந்து ஒரு மென்பொருள் மாணவர்:

ஐயா, தங்கள் விளக்கத்தை மிகவும் இரசித்தேன். ஆனால் பிள்ளைகள் விலங்கடி என்பதை மிருகத்தின் பாதமென்றோ மிருகத்தை அடிப்பதென்றோதான் வாசிப்பார்கள். 'அடி' காலடியையும் தாக்குதலையும் ஒருங்கே குறிப்பதால், சண்டை விளையாட்டில் அது இரட்டிப்புத் தொல்லை தரும்.

இந்த அசைவு உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்து சொல்லைத் தேடுவோம். ரெக்கனில் ஒரு செக்கனுக்கு 60 சட்டகங்கள், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள், ஓடுகின்றன. மிக விரைவான குத்து பத்தாவது சட்டகத்தில், அதாவது ஒரு செக்கனின் ஆறிலொரு பங்கில், வந்து விழுகிறது. அதைக் கண்டபின் ஒதுங்க எவராலும் இயலாது. வருமென்று நினைத்து முன்கூட்டியே ஒதுங்க வேண்டும். நினைத்தது சரியானால், எதிராளியின் கால் வெறும் காற்றை உதைத்து நீண்டு கிடக்கும் அந்தக் கணத்தில் அவருடைய விலாப்புறம் நமக்குத் திறந்திருக்கும். நினைத்தது தவறானால் நாம் அடி வாங்குவோம். இன்னொன்று, சில பாத்திரங்களை இடப்புறமாகவும் வேறு சிலவற்றை வலப்புறமாகவும் ஒதுங்குவது பாதுகாப்பானது. யாரை எந்தப் பக்கம் என்று அறிந்து வைப்பதற்கே மாதங்கள் செல்லும். அந்தப் பாடு பலருக்கு அலுப்பு. எனக்கு அதுதான் விளையாட்டின் சுவை.

எனவே சொல் இட, வல என்ற முன்னொட்டுகளை ஏற்க வேண்டும். மேல், கீழ் என்று சொல்ல முடியாது. திரையின் இடப்பக்கம் நிற்பவர் மேல் விசையைத் தட்டினால் தம் இடப்புறம் ஒதுங்குவார். வலப்பக்கம் நிற்பவர் அதே விசையைத் தட்டினால் தம் வலப்புறம் ஒதுங்குவார். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் 'விலத்து' இதற்குப் பொருந்தும். எதிரே வரும் சைக்கிளை விலத்துகிறோம், பஸ்ஸை விலத்திக்கொண்டு முன்னே போகிறோம். இடவிலத்தல், வலவிலத்தல் என்று எழுதிப் பாருங்கள்.

சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்:

'விலத்து' என்பது இங்கே பலருக்குப் புரியாது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். விலகல் பொதுத்தமிழ், ஆனால் உங்கள் கணிதப் பாடநூல்களில் நியம விலகல் என்ற புள்ளியியற் சொல் ஏற்கெனவே இருக்கிறது. கம்பனின் யுத்த காண்டத்தில் வீரர்கள் சாரிகை திரிவார்கள். இடசாரி, வலசாரி என்ற ஆட்சிகளும் உண்டு. எதிரியைச் சுற்றி வளைய வரும் போர்நடைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எது?

நல்லூரிலிருந்து:

சாரி என்பது நாட்டிய சாத்திரம் கூறும் காலசைவின் பெயர், வடசொல். அதை மன்னித்தாலும், இன்றைய பிள்ளை 'சாரி' என்று கேட்டால் மன்னிப்புக் கேட்பதாகவே நினைக்கும்.

விலத்தல் பற்றியும் ஐயம் உண்டு. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. விலத்து இவற்றுள் எது? தான் ஒதுங்குவதா, பிறரை ஒதுக்குவதா?

கொக்குவிலிலிருந்து:

ஐயா, இரண்டும்தான். ஒருவரை விலத்திப் போகும்போது அசைபவர் நாம், விலத்தப்படுபவர் அவர். ஒதுங்குபவரையும் எதிராளியையும் ஒரே வினைக்குள் அடக்குவதால் இங்கே அது வசதியே. இன்னொரு வசதியும் உண்டு. ஒதுங்கும்போதே தொடுக்கும் தாக்குதல்கள் ரெக்கனில் தனி வகை. அவற்றுக்கு 'விலத்தடி' என்று பெயரிட்டால், முன்பு தொல்லையாயிருந்த 'அடி' சரியான இடத்தில் அமர்கிறது.

திருநெல்வேலியிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் கருத்துச் சொன்னோரில் பெரும்பாலானோர், சிலர் அலுப்போடு, விலத்தலுக்கு இணங்கியுள்ளனர். 'விலத்தல்', 'விலத்தடி' இரண்டையும் இட்டு, முதன்முறை வருமிடத்தில் 'சைட்ஸ்ரெப்' என்பதையும் சேர்த்து அச்சுக்கு அனுப்புகிறேன். சென்னை நண்பருக்காக 'ஒதுங்குதல்' என்ற விளக்கமும் சொல்லடைவில் இருக்கும்.

நல்லூரிலிருந்து:

இணங்கியோருள் நான் இல்லை என்பதைப் பதிவு செய்க. கொக்குவில் தம்பியின் வாதம் பயன்பாட்டை நிறுவுகிறதேயன்றி இலக்கணத்தை அன்று. சொல்லடைவிலாவது 'விலங்கடி' ஒரு மாற்றுச் சொல்லாக இடம்பெற வேண்டும்.