கரையொதுங்கும் எண்ணெய்: தன்னார்வலர்களின் பாதுகாப்புக்கு ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கரையில் கச்சா எண்ணெய் ஒதுங்கத் தொடங்கியதும் இளைஞர்கள் பலர் வெறுங்கையோடு அதை அள்ளக் கிளம்புகிறார்கள். அவர்களைத் தடுத்து, முறையாக வழிநடத்த உங்கள் உதவி வேண்டும்.

கசிந்த புதிதில் கச்சா எண்ணெயிலுள்ள பென்சீன், டொலுயீன் போன்ற எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்களின் ஆவி மிகுதியாக வெளியேறும் என்பதாலும், அதைச் சுவாசித்தால் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண்ணெரிச்சல் உண்டாகலாம் என்பதாலும், கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் கரைப்பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

என் பெருங்கவலை முகக்கவசம் பற்றியது. துணிக் கவசமோ, ஏன், தூசியை வடிகட்டும் என்95 கவசமோகூட இந்த ஆவியைத் தடுப்பதில்லை. ஆனால் அதை அணிந்தவர்கள் அந்தத் தைரியத்திலேயே நெடுநேரம் நின்றுவிடுகிறார்கள். பென்சீன் போன்ற கரிமப் பொருள்களின் ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசங்களைப் பயன்படுத்தியவர்கள், அவை முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் முறையையும், வடிகட்டியை எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் விளக்குவீர்களா?

தோலில் ஒட்டியதை மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் கொண்டு துடைக்காமல், சமையல் எண்ணெய் தடவித் துடைத்துச் சோப்பிட்டுக் கழுவச் சொல்லி வருகிறோம். எண்ணெய் படிந்த கையுறைகளையும் உடைகளையும் எப்படிச் சேகரித்து ஒப்படைப்பது என்பதையும் அறிய வேண்டும்.

சிப்பி, மட்டி வகைகள் மீன்களைவிட மெதுவாகவே எண்ணெயிலிருந்து உடலில் சேர்ந்த நச்சை வெளியேற்றும். எண்ணெய் வாடை இல்லை என்பதற்காக அவற்றை உண்ணத் தகுந்தவை என்று கருத முடியாது. கடலுணவுப் பரிசோதனை பற்றி அறிந்தவர்களும், தன்னார்வலர்களிடம் எந்த அறிகுறிகளைக் குறித்துவைக்க வேண்டும் என்று சொல்லக்கூடிய மருத்துவர்களும் விரைவில் பதிலளிக்குமாறு வேண்டுகிறேன்.