தேயிலைத் தொழிற்சாலையில் மனிதவளம்: ஆள்வது விதியா, பழக்கமா?

அட்டன் வாசகர்:
1992இல் நிலவுரிமையை இலங்கை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டு, தேயிலைத் தோட்டங்களின் முகாமைத்துவத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. இன்று அக்கம்பனிகளில் மனிதவளப் பிரிவுகள் இருக்கின்றன. ஆயினும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், உத்தரவுக்காகக் காத்திருந்த பழக்கமே ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளும் ஆட்கள் நடத்தப்படும் முறையைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. என் தந்தை இருபது வருடங்களுக்கு மேல் கொழுந்தை அரைக்கும் ரோலர் இயந்திரத்தில் நின்றவர். அரைத்த கொழுந்து புளித்த பதத்தை வாசனையிலேயே அறிந்துகொள்வார். அவர் தொழிலாளி, உத்தியோகத்தர் அல்லர் என்பதற்காகவே ஒரு பயிற்சிக்குக்கூட அவருடைய பெயரை எவரும் எழுதவில்லை. அப்படித் தடுக்கும் விதி எந்தக் காகிதத்திலும் இல்லை.

நுவரெலியா உத்தியோகத்தர்:
உங்கள் தந்தைக்கு நேர்ந்தது அநீதிதான், ஐயா. ஆனால் எல்லாவற்றையும் பழக்கத்தின்மேல் சுமத்துவதை நான் ஏற்கமாட்டேன். நாட்சம்பளத்தை 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் உயர்த்தியது சம்பள நிர்ணய சபை வழியான தீர்மானம். தோட்டத்து முகாமையாளர் அல்லர். வேலை நேரத்தை வகுப்பதோ கொழுந்து. மாலையில் வரும் கொழுந்து அரைக்கும் பதத்துக்கு வாடுவதற்குப் பன்னிரண்டு மணித்தியாலம்வரை, சிலவேளை அதற்கு மேலும் ஆகும். ஆகவே இரவு வேலையை எந்தக் கலாசாரத்தாலும் நீக்க முடியாது.

பண்டாரவளை ஆசிரியை:
இரவு வேலை வேண்டாமென்று இங்கு யாரும் சொல்லவில்லையே. தேயிலைத்தூளைச் சலிக்கும் அறையில் பெண்களும், இயந்திரத்தில் ஆண்களும் என்று பிரித்தது கொழுந்தா?

அட்டன் வாசகர்:
நான் கேட்க நினைத்ததும் அதுதான், அம்மா. எனக்குத் தெரிந்த இரண்டு ஸ்டோர்களில் ஒன்றில், இரவு வேலைக்குரியவர்களின் பெயர்ப்பட்டியலை, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஒரு வாரத்துக்கு முன்பே ஒட்டிவிடுவார். மற்றதில் பொழுது சாயும்போதுதான் ஆளனுப்பிச் சொல்வார்கள். கொழுந்தும் சம்பளமும் இரண்டிலும் ஒன்றே. முதலாவதில் ஆட்கள் நிலைத்து நிற்கிறார்கள். இரண்டாவதிலிருந்து இளைஞர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

நுவரெலியா உத்தியோகத்தர்:
மழைக்காலத்தில் கொழுந்து குவிந்தால் ஒட்டிய பட்டியலும் மாறும். அதனால் அந்த ஒப்பீடு எனக்கு முழுமையாகத் தோன்றவில்லை. பயிற்சி விடயத்தில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் பயிற்சி பற்றிய அறிவித்தல் அலுவலகத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதைத் தமிழில் எழுதி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒட்டும்படி அடுத்த கூட்டத்தில் கேட்பேன்.