அன்ரியல் கோல்ட்: விண்டோஸ் 11ல கேம் தறிகெட்டு ஓடுது, ஐஎன்ஐ ஃபைலை மாத்தினாலும் ஏறல

கேள்வி

கேம் அன்ரியல் கோல்ட்ங்கிற பழைய ஷூட்டிங் கேம், வெர்ஷன் 226. லேப்டாப்ல விண்டோஸ் 11, திரை 1920 x 1080. இன்ஸ்டால் பண்ணின இடம் புரோகிராம் ஃபைல்ஸ்.

1. வேகம் நிலையா இல்லை. ஒரு தடவை திறந்தா சரியா ஓடுது, அடுத்த தடவை ஒன்றரை மடங்கு வேகம். கதவு, லிஃப்ட், எதிரி எல்லாமே பறக்குது.
2. சிஸ்டம் ஃபோல்டர்ல இருக்கிற அன்ரியல் டாட் ஐஎன்ஐங்கிற செட்டிங்ஸ் ஃபைல்ல ரெசல்யூஷனை மாத்தி சேவ் பண்ணினேன். கேம் அதைக் கண்டுக்கவே இல்லை. திரும்பத் திறந்து பார்த்தா நான் எழுதினது அப்படியேதான் இருக்கு.
3. அகலத் திரையில மேலயும் கீழயும் வெட்டின மாதிரி, மூக்கை ஒட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கு.

பழைய கேமோட படத்தைப் புது கிராபிக்ஸ் கார்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கிற டிஜிவூடூ போட்டுப் பார்த்தாச்சு. படம் தெளிவாச்சு, வேகம் மாறல.

பதில் 1

விசிங்க் (திரை புதுப்பிக்கிற வேகத்தோட ஃபிரேமை ஒத்துப்போக வைக்கிற செட்டிங்) ஆன் பண்ணுங்க. ஃபிரேம் ரேட் 60ல நின்னா வேகமும் அடங்கும்.

பதில் 2

விசிங்க் இதுக்கு மருந்து இல்லை. கேம் திறந்ததும் கோட்டையைச் சுத்தி கேமரா பறக்குமே, அதைக் கவனிங்க. பாட்டு சரியான வேகத்துல போய், கேமரா மட்டும் ஓடினா கோளாறு எஞ்சினோட கடிகாரத்துல. பாட்டு சவுண்ட் பக்கத்துக் கணக்குல ஓடுது, அதனால அது கெடாது.

226 எஞ்சின் நேரத்தை சிபியூவோட சுழற்சி எண்ணியை வச்சுக் கணக்குப் பண்ணுது. ஒரு நொடிக்கு எத்தனை சுழற்சின்னு திறக்கும்போதே அளந்து வச்சுக்கும். 1998ல சிபியூ ஒரே வேகத்துல ஓடும், அதனால பிரச்சினை வரல. இப்போ மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகம் ஏறி இறங்குது, பல கோர் வேற இருக்கு. அளக்கிற அந்தக் கணத்துல தப்பு விழுந்தா ஆட்டம் முழுக்க அந்தத் தப்போடதான் ஓடும். ஒவ்வொரு தடவையும் வேற வேற வேகம் வர்றது இதனாலதான். டிஜிவூடூ படம் வரையிற வேலையை மட்டும்தான் பார்க்கும். கடிகாரம் அதோட கையில இல்லை.

ஒரே கோர்ல ஓடுற மாதிரி அஃபினிட்டி வைக்கலாம். பாதி நாள் கேட்கும், பாதி நாள் கேட்காது. நிரந்தரத் தீர்வு ஓல்ட்அன்ரியல்ங்கிற ரசிகர் குழு வெளியிடுற 227 பேட்ச். கடிகாரக் கணக்கையே அதுல திருத்தியிருக்காங்க.

பதில் 3

இரண்டாவது பிரச்சினைக்கு வர்றேன். புரோகிராம் ஃபைல்ஸ்தான் வினை. பழைய 32 பிட் கேம் அங்க எழுதப் போனா விண்டோஸ் தடுக்காது. சத்தமில்லாம வேற இடத்துல ஒரு நகல் போட்டுக் கொடுத்துடும். உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர்னு போய்ப் பாருங்க, இன்னொரு அன்ரியல் டாட் ஐஎன்ஐ கிடைக்கும். கேம் படிக்கிறது அதை. நீங்க நோட்பேடை அட்மினா திறந்து மாத்தினது அசலை. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கவே இல்லை.

இந்த வரிசையில செய்யுங்க:

- கேம் ஃபோல்டரை முழுசா சி டிரைவ்ல கேம்ஸ்னு தனி ஃபோல்டர் போட்டு அங்க காப்பி பண்ணுங்க. வர்ச்சுவல்ஸ்டோர்ல இருக்கிற நகலை அழிச்சுடுங்க.
- புது இடத்து மேல 227 பேட்சை இன்ஸ்டால் பண்ணுங்க.
- சிஸ்டம் ஃபோல்டர்ல அன்ரியல் டாட் ஐஎன்ஐ, யூசர் டாட் ஐஎன்ஐ ரெண்டையும் அழிங்க. அடுத்த தடவை திறக்கும்போது புதுசா உருவாகும். 226 காலத்து ஐஎன்ஐயை 227க்குக் கொண்டு வராதீங்க. பாதி சிக்கல் அதுலயே வரும்.
- ரெண்டரர் (படம் வரையிற பகுதி) எதுன்னு கேட்டா டைரக்ட்3டி 9 எடுங்க. அன்ரியல் டாட் ஐஎன்ஐல அதோட பகுதியில ஃபிரேம்ரேட்லிமிட்னு ஒரு வரி இருக்கும், 120 போடுங்க. அந்தக் காலத்து எஞ்சினை நூற்றுக்கணக்கான ஃபிரேமுக்குன்னு எழுதல.

எந்த வெர்ஷன் ஓடுதுன்னு சந்தேகம் இருந்தா சிஸ்டம் ஃபோல்டர்லயே அன்ரியல் டாட் லாக் இருக்கு. முதல் சில வரியில எண் இருக்கும். இன்னும் 226னு இருந்தா பழைய ஷார்ட்கட்டைத்தான் கிளிக் பண்றீங்க.

பதில் 2

மூணாவதுக்கு: 4:3 திரையில 90 டிகிரி பார்வைக்கோணம்னா 16:9ல அதுக்குச் சமம் 106. யூசர் டாட் ஐஎன்ஐல எஞ்சின் டாட் பிளேயர்பான் பகுதிக்குப் போய் டிசையர்ட்எஃப்ஓவி 106 ஆக்குங்க.

கேட்டவர்

கேம்ஸ் ஃபோல்டருக்கு மாத்தி 227 போட்டாச்சு. லாக்ல 227னு வருது. அஞ்சு தடவை மூடித் திறந்தேன், கோட்டைக் காட்சி ஒரே வேகம். ரெசல்யூஷனும் ஏறிடுச்சு.

இன்னும் ரெண்டு: ரைஃபிள்ல ஜூம் பண்ணி வெளிய வந்தா பார்வைக்கோணம் மறுபடி 90க்குப் போயிடுது. பழைய சேவ் திறக்கும்போது கேம் விழுந்துடுது.

பதில் 2

ஜூம் விட்டதும் கேம் டிஃபால்ட்எஃப்ஓவி மதிப்புக்குத்தான் திரும்பும். அந்த வரியைச் சொல்லாம விட்டது என் தப்பு. ரெண்டு வரியிலயும் 106 போடுங்க.

பதில் 3

பழைய சேவை மறந்துடுங்க. இந்த கேம்ல சேவ்னா நீங்க நிக்கிற இடத்தோட குறிப்பு இல்லை, அந்த லெவலோட முழு நிலையையும் அப்படியே ஃபைலா எழுதி வைக்கும். 226ல எழுதினது 227ல திறக்கும்னு நம்ப முடியாது.

விட்ட இடத்துக்குப் போகணும்னா டேப் கீயை அழுத்தி ஓப்பன்னு அடிச்சு மேப் பேரைக் கொடுக்கலாம். ஆனா சேர்த்து வச்ச ஆயுதம் எதுவும் கூட வராது. முதல் லெவல்ல இருந்தே ஆடுறது நல்லது.

பதில் 2

வேகம் சரியாச்சான்னு கடைசியா சோதிக்க ராஜிகர் சுரங்கம்ங்கிற லெவல் போதும். அங்க ஒரு நீண்ட வழியில விளக்கு ஒண்ணு ஒண்ணா அணையும். முழு இருட்டான பிறகு ஸ்கார்ஜ்ங்கிற எதிரி முதல் தடவையா வரும். ஒவ்வொரு விளக்குக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கணும். மடமடன்னு அணைஞ்சா கடிகாரம் இன்னும் கெட்டுத்தான் இருக்கு.

அந்தச் சண்டைக்கே வேகம் முக்கியம். எதிரி எப்படி நடந்துக்கணும்னு முடிவு பண்ற ஏஐ ஸ்டீவன் போல்ஜ் எழுதினது. குவேக் கேமுக்கு ரீப்பர் பாட்ங்கிற கம்ப்யூட்டர் ஆட்டக்காரரைப் பண்ணினவர். பறந்து வர்ற குண்டைப் பார்த்து ஸ்கார்ஜ் பக்கவாட்டுல பாயும். சரியான வேகத்துல அது பாய்ஞ்சு தரையில இறங்குற இடத்தைக் கணிச்சு எய்ட்பால் ராக்கெட் லாஞ்சரால அடிக்கலாம். ஒன்றரை மடங்குல அது நடக்காது. கேமே அநியாயம்னு பேர் வாங்கிடும்.

கேட்டவர்

விளக்கு நிதானமா அணையுது. டிஃபால்ட் வரியும் மாத்தியாச்சு, ஜூம் சரி. முதல் லெவல்ல இருந்தே ஆரம்பிச்சுட்டேன்.

பதில் 3

நாலு கை இருக்கிற நாலியை (உங்களுக்கு உதவுற வேற்றுகிரகவாசி) பார்த்தா சுட்டுடாதீங்க. சில பேர் முன்னால நடந்து போய் ரகசிய அறையைத் திறந்து காட்டுவாங்க. அவங்களைச் சுத்தி எதிரி இருந்தா முதல்ல அதை முடிச்சுட்டு பின்னாலயே போங்க.