பழைய காண்டாமிருகப் படங்கள்: கையில் வந்ததும் எதைப் பார்ப்பது?

முதலில் தோள்பட்டையைப் பாருங்க. அங்கே முறுக்கின சின்னக் கொம்பு ஒன்று கூடுதலா இருந்தா, அது ஜெர்மன் ஓவியர் டியூரர் வழி வந்த படம். 1515இல் குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் லிஸ்பனில் போய் இறங்கியது. டியூரர் அதை நேரில் பார்க்கவே இல்லை. வந்த குறிப்பையும் ஓவியத்தையும் வைத்து நியூரம்பெர்கில் மரக்கட்டையில் அச்சிட்டார். அந்த இல்லாத கொம்பை 200 வருஷத்துக்கும் மேல நகலெடுத்திருக்காங்க. 1741இல் ரோட்டர்டாம் வந்த கிளாரா என்ற காண்டாமிருகத்தைப் பார்த்து வரைந்த படங்களில் அது கிடையாது. உடற்கூறு அறிஞர் ஆல்பினஸின் 1747 நூலில் மனித எலும்புக்கூட்டுக்குப் பின்னால் நிற்பது கிளாராதான்.

—

மேலே அண்ணா கொம்பைப் பற்றிச் சொன்னதோட அச்சு முறையையும் பார்க்கணும். செப்புத்தகட்டில் கோடு செதுக்கி அச்சிட்டது என்றால் படத்தைச் சுற்றி அமுங்கின தடம் இருக்கும். பைண்டிங்கில் ஓரம் வெட்டியிருந்தா தடம் போயிருக்கும், அதனாலேயே போலின்னு ஒதுக்காதீங்க. மர அச்சில் தடமே வராது. 10 மடங்கு லென்ஸை வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடிங்க: செப்பு அச்சில் மை தாள் மேல மேடா நிற்கும். கோட்டுக்குப் பதிலா ஒரே ஒழுங்கில் புள்ளிகள் தெரிஞ்சா ஆஃப்செட் நகல், அதாவது இந்தக்கால இயந்திர அச்சு. பொய்த்தடம் அழுத்தியே விற்கிறாங்க, உஷார்.

—

வண்ணத்தில்தான் ஏமாற்று அதிகம். ஜார்டின் எடின்பரோவில் வெளியிட்ட விலங்கியல் நூல் வரிசை (1833–43, 40 தொகுதி) எஃகுத் தகட்டில் படங்கள் அச்சானது. அதில் பெரும்பாலும் மிருகத்துக்கு மட்டும் கைவண்ணம், பின்னணி கறுப்பு வெள்ளையாவே இருக்கும். வானம், புல் எல்லாம் வண்ணமா இருந்தா பின்னால யாரோ பூசினதா இருக்க வாய்ப்பு அதிகம். தாளைத் திருப்பியும் பாருங்க. பழைய செம்புப் பச்சை, தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்பா ஊறியிருக்கும். புதுசா பூசினது வேற மாதிரி: பழந்தாளில் ஈரம் ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சு போயிருப்பதால் வண்ணம் கோட்டைத் தாண்டிக் கசியும்.

—

ஃபிரேம் போடும்போது செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிடும், எடுப்பது பெரும்பாடு. ஜப்பானியத் தாள் துண்டு இரண்டு, கோதுமை ஸ்டார்ச் பசை, மேல் ஓரத்தில் மட்டும். கீழே ஒட்டினால் ஈரக்காற்றில் தாள் விரிய இடமில்லாமல் அலையடிக்கும். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் பருத்தி அட்டையா இருக்கட்டும். சாதா அட்டையின் அமிலம், மவுண்டில் வெட்டின சன்னலைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. வெயில் விழும் சுவரில் மாட்டாதீங்க, கைவண்ணம்தான் முதலில் வெளுக்கும்.