லேண்ட் ரோவர் பானட்டில் ஸ்டெப்னி: அடியில் தகடு வேண்டுமா, வேண்டாமா?

சேற்றுவண்டி: பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வண்டியின் பானட்டில் ஸ்டெப்னி மாட்ட “ஓட்டை போடு, போல்ட்டை முடுக்கு, பெரிய வாஷர் போதும்” என்று ஒரு மேதை இந்தக் குழுவில் எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. அது அலுமினியக் கலவைப் பானட் ஐயா! 7.50-16 அளவு டயரும் ரிம்மும் சேர்ந்தால் 30 கிலோ தாண்டும். எடையைப் பரப்ப அடியில் தகடு கொடுக்காவிட்டால் ஓட்டையைச் சுற்றிக் கீறல் விடும்.

நட்டுபோல்ட்டு: அந்த மேதை நான்தான். என் வண்டியில் வாஷர் மட்டும்தான். கீறலைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சேற்றுவண்டி: தார் ரோட்டில் உருட்டினால் எங்கிருந்து வரும்? கல்பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த எடை தகரத்தை அமுக்கித் தூக்கும். வாஷர் தாங்குவது தன் அகலத்துக்கு மட்டும். தகடு வேண்டும்.

மெதுவோட்டி: தகடு என்றால் எவ்வளவு கனம்? எவ்வளவு அகலம்?

நட்டுபோல்ட்டு: கம்பெனியே 1948 மாடல் காலத்திலிருந்து பானட்டில் ஸ்டெப்னி வைத்துக் கொடுத்திருக்கிறது. அவர்களுக்குத் தெரியாதது இவருக்குத் தெரியுமாம்.

சேற்றுவண்டி: கொடுத்தார்கள், அடியில் வலுவூட்டித்தான் கொடுத்தார்கள். பானட்டைத் தூக்கிக் குனிந்து பாருங்கள். குனிய மனசு வந்தால்.

பழையபிஸ்டன்: இரும்புத் தகடு வைத்தால் வேறு வம்பு. அலுமினியத்தோடு ஒட்டி ஈரம் பட்டால் அரிக்கும். முதலில் போல்ட்டைச் சுற்றி பெயின்ட் கொப்புளிக்கும், சுரண்டினால் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவில் ரப்பர் வையுங்கள்.

சேற்றுவண்டி: ஆக தகடு வேண்டும் என்கிறீர்கள். நன்றி.

பழையபிஸ்டன்: நான் அப்படிச் சொல்லவே இல்லை.

உயரம்கம்மி: தகடு கிடக்கட்டும். அவ்வளவு பெரிய டயரை முன்னால் வைத்தால் மேட்டில் ஏறும்போது எனக்கு வானம்தான் தெரிகிறது. பின்கதவில் மாட்டினால் என்ன?

நட்டுபோல்ட்டு: கதவுக் கீல் தொங்கிப்போகும். சீட்டை உயர்த்திக்கொள்ளுங்கள்.

உயரம்கம்மி: கிண்டலா? பானட்டைத் தூக்கி நிறுத்தும் கம்பியே அந்த எடைக்கு வளைகிறது. ஆயில் பார்க்கத் தலையை உள்ளே விட பயமாக இருக்கிறது.

சேற்றுவண்டி: கம்பி வளைகிறது, தகரம் மட்டும் வளையாதாம்! அதனால்தான் தகடு, தகடு என்று கத்துகிறேன்.

நட்டுபோல்ட்டு: முன்பு இங்கே நடந்த கியர்பாக்ஸ் ஆயில் சண்டையில் உங்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை. அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை போல.

சேற்றுவண்டி: ஆயிலிலும் நான் சொன்னதுதான் சரி. அதை அப்புறம் வைத்துக்கொள்வோம். இப்போது தகடு.

மெதுவோட்டி: கனம் எவ்வளவு என்று கேட்டேனே?

நட்டுபோல்ட்டு: வாஷர் போதும்.

சேற்றுவண்டி: போதாது. முதலில் உங்கள் பானட்டின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். மேலே பாலிஷ் போட்ட படம் வேண்டாம்.

நட்டுபோல்ட்டு: நீங்கள் கேட்டதற்காகவே போடமாட்டேன்.