மாலையில் மட்டும் அணைந்துபோகும் கணினி: ஓவர்க்ளாக்கா, புது ப்ராசஸரா?

நீடா கேமர்
வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். என் கணினி: ரைசன் 3 3200ஜி ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஒரே குச்சி (3200 என்று போட்டிருக்கிறது), ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) கேபினெட்டோடு வந்தது, 450 வாட்.

வாலரண்ட் கேமில் ஆள் கூடும் இடத்தில் ஃப்ரேம் சட்டென்று விழுகிறது. ஜிடிஏ 5-இல் ஊருக்குள் வண்டி ஓட்டினால் தடுக்கித் தடுக்கிப் போகிறது. அதனால் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) போய் ஓவர்க்ளாக் செய்தேன், அதாவது 4 கோரையும் கையால் 4.0 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன், வோல்டேஜ் 1.35. காலையில் எவ்வளவு நேரம் விளையாடினாலும் ஒன்றும் ஆகாது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் விளையாடினால் பத்து நிமிடத்தில் பொட்டென்று அணைந்து, தானே திரும்ப ஏறுகிறது. நீலத்திரை எதுவும் வராது.

கடையில் கேட்டால், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐ3-12100எஃப் வாங்கி, எச்610 போர்டில் ஓவர்க்ளாக் செய்துகொள் என்கிறார்கள். நண்பன் ரைசன் 5 5500 போதும் என்கிறான். கையில் 15 ஆயிரம் இருக்கிறது. எது சரி?

பாமணியாறு
முதலில் அந்தக் கடைப் பேச்சை ஒதுக்கிவிடுங்கள். 12100எஃப் நல்ல ப்ராசஸர்தான். 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்), 4.3 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் அதன் மல்டிப்ளையர், அதாவது வேகத்தை ஏற்றும் எண், பூட்டப்பட்டது. இன்டெலில் முறையாக ஓவர்க்ளாக் செய்ய ப்ராசஸர் பெயரில் ‘கே’ இருக்க வேண்டும், போர்டு ‘இசட்’ வரிசையாக இருக்க வேண்டும். எச்610-இல் ராமைக்கூட ஓவர்க்ளாக் செய்ய முடியாது. அதற்கு பி660, பி760 வேண்டும்.

ஏஎம்டி பக்கம் கதை வேறு. ரைசனில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன. போர்டு மட்டும் பி450, பி550 அல்லது எக்ஸ் வரிசையாக இருந்தால் போதும். ஏ320, ஏ520-இல் நடக்காது. உங்களிடம் பி450 இருப்பது நல்ல முதலீடு, அதை விட்டுவிடாதீர்கள்.

அணைவது வேறு பிரச்சினை. சூட்டினாலா என்று பாருங்கள். எச்டபிள்யுஇன்ஃபோ (சூடு, வேகம் காட்டும் மென்பொருள்) திறந்து லாக் போட்டு விளையாடி, அணைந்த பிறகு கடைசி வரியைப் படியுங்கள்.

மன்னை மாப்ள
கத்திரி வெயிலில் ஸ்டாக் கூலரை வைத்துக்கொண்டு 4.0 ஏற்றினால் அணையாமல் என்ன செய்யும் மாப்ள? பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வை. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

நீடா கேமர்
லாக் எடுத்துவிட்டேன். அணைவதற்கு முந்தைய நொடி ப்ராசஸர் 81 டிகிரி, கார்டு 70. காலையிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான், ஆனால் அணையவில்லை. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று மட்டும் இருக்கிறது. கதவைக் கழற்றிப் பார்த்தும் அதே கதைதான் அண்ணே.

பாமணியாறு
அப்படியானால் சூடு இல்லை. 3200ஜி-யின் எல்லை 95 டிகிரி. அதை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சட்டென்று அணையாது. அந்த 41 எண் ‘முறையாக ஷட்டவுன் ஆகவில்லை’ என்று மட்டும்தான் சொல்கிறது. காரணத்தைச் சொல்லாது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை
எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் என்பதால் நுழைகிறேன். தம்பி, காலைக்கும் ஏழு மணிக்கும் உங்கள் வீட்டில் எது மாறுகிறது என்று யோசியுங்கள். ப்ராசஸர் மாறவில்லை, கேம் மாறவில்லை. ஊரே லைட், ஃபேன், ஏசி போடும் நேரம் அது. முன்பட்டக் குறுவைக்கு போர்செட் ஓடும் ஊராக இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். லைன் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு என்ன வந்து சேரும்?

மூன்று விவரம் வேண்டும். காலையிலும் இரவு ஏழரைக்கும் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பாருங்கள். கைப்பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்று இருக்கும் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர்? அதே ஸ்டிக்கரில் இன்புட் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள்? கணினி இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

நீடா கேமர்
காலை 228. இரவு 168 வரை இறங்குகிறது. பக்கத்தில் மோட்டார் போடும்போது லைட் மங்குவதும் தெரிகிறது. ஸ்டிக்கரில் +12வி 14ஏ, இன்புட் 200–240வி. இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறது. பிறகு ஏன் இந்தப் பிரச்சினை? கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்ளுமே?

வெண்ணாற்றங்கரை
ஸ்டிக்கரே பதில் சொல்லிவிட்டது.

12 வோல்ட்டை 14 ஆம்பியரால் பெருக்குங்கள்: 168 வாட். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனில்தான் தின்கின்றன. 1650-க்கு மட்டும் 75 வாட். 4.0-க்கு ஏற்றிய 3200ஜி, ஃபேன், ஹார்ட்டிஸ்க் எல்லாம் சேர்ந்தால் விளிம்பில் நிற்கிறீர்கள். மேலே ஒட்டியிருக்கும் ‘450’ வெறும் ஸ்டிக்கர். இன்புட்டும் 200-க்குக் கீழே போனால் அதற்குப் பொறுப்பில்லை என்று அதுவே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் வீட்டிலோ 168. ஓவர்க்ளாக் இல்லாதபோது தப்பித்தது, ஏற்றியதும் தாங்கவில்லை.

இன்வெர்ட்டர் கேள்விக்கு வருவோம். முன்னாலோ பின்னாலோ ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ‘யுபிஎஸ்’, ‘நார்மல்’ என்று. பல வீடுகளில் அது நார்மலில் இருக்கும். அந்த நிலையில் லைன் வோல்டேஜ் நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கினாலும் பேட்டரிக்கு மாறாது, வருவதை அப்படியே உள்ளே விட்டுவிடும். ஃபேனுக்கும் டியூப்லைட்டுக்கும் அது போதும், கணினிக்குப் போதாது. யுபிஎஸ் நிலையில் வைத்தால் சுமார் 180-க்குக் கீழே போனதுமே பேட்டரிக்கு மாறும், மாறுவதும் வேகமாக நடக்கும். மாற்றிப் பாருங்கள்.

ஆனால் அது நிரந்தரத் தீர்வு இல்லை. தினமும் சாயங்காலம் பேட்டரி வடிந்தால் அதன் ஆயுள் குறையும். இன்புட் 100–240 என்று போட்டிருக்கும், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்குங்கள். 450 அல்லது 550 வாட், 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரையோடு. 168 வோல்ட்டை அது சட்டையே செய்யாது. எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்றால் எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நீடா கேமர்
யுபிஎஸ் நிலைக்கு மாற்றினேன். நேற்று இரவு முழுக்க விளையாடியும் அணையவில்லை! நன்றி அண்ணே. எஸ்எம்பிஎஸ் முதலில் வாங்குகிறேன். மீதிப் பணத்துக்கு ப்ராசஸர் எது?

தஞ்சை 3டி
ரைசன் 5 5600 எடுங்கள். 5500 வேண்டாம். 5500-இல் பிசிஐஇ (கிராஃபிக்ஸ் கார்டு பேசும் பாதை) 3.0தான், 5600-இல் 4.0. நாளைக்கு ஆர்எக்ஸ் 6600 மாதிரி கார்டு போட்டால் அது 8 லேன்தான் பயன்படுத்தும், அப்போது 4.0 தேவைப்படும்.

பாமணியாறு
5600 சரி, காரணம் தவறு. அவருடைய போர்டு பி450. அதில் எந்த ப்ராசஸரைச் செருகினாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு 3.0தான் கிடைக்கும். 4.0 வேண்டுமென்றால் பி550-க்குப் போக வேண்டும், அதற்கு இப்போது செலவு செய்வதில் அர்த்தம் இல்லை.

உண்மையான வித்தியாசம் கேஷ், ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன நினைவகம். இரண்டுமே 6 கோர், 12 த்ரெட். 5500-இல் எல்3 கேஷ் 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. வாலரண்ட் மாதிரி ப்ராசஸரை நம்பி ஓடும் கேமில் அந்தக் கூடுதல் கேஷ் கண்ணுக்குத் தெரியும். உங்கள் 3200ஜி-யில் இருப்பது 4 எம்பி, 4 த்ரெட். ஜிடிஏ தடுக்குவதற்குக் காரணம் அங்கேதான். 4.0 ஜிகாஹெர்ட்ஸ் இல்லை, 4.2-க்கு ஏற்றினாலும் த்ரெட் நாலு நாலுதான்.

பணம் இடித்தால் 5500 வாங்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. 1650 கார்டுக்கு அதுவே தாராளம். 5600ஜி என்று யாராவது தள்ளினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிலும் கேஷ் 16 எம்பிதான், உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள், உங்களிடம்தான் தனிக் கார்டு இருக்கிறதே.

தஞ்சை 3டி
பி450 என்பதைக் கவனிக்கவில்லை, சரி. அப்போ இன்டெல் ஐ5-12400எஃப்? அதுவும் 6 கோர்தானே.

பாமணியாறு
புதிதாக எல்லாம் வாங்குகிறவராக இருந்தால் நானும் அதை யோசிப்பேன். இவர் போர்டு மாற்ற வேண்டியிருக்கும், அந்தப் பணத்தில் எஸ்எம்பிஎஸ்ஸும் இன்னொரு ராமும் வந்துவிடும். ஏஎம்டி-யின் புது சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் போனால் டிடிஆர்5 ராம் கட்டாயம், அதைப் பேசவே வேண்டாம்.

நீடா கேமர்
5600 முடிவு. ஓவர்க்ளாக் ஆசை இன்னும் விடவில்லை. 5600-ஐ எவ்வளவு ஏற்றலாம்?

பழைய பயாஸ்
ஏற்றலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் வேண்டாம். எல்லா கோரையும் ஒரே வேகத்தில் பூட்டுவது பழைய பாணி. 5600 தானாகவே 4.4 வரை போகிறது. நீங்கள் 4.5-இல் பூட்டினால் கேமில் கிடைப்பது இரண்டு மூன்று ஃப்ரேம். சூடும் கரண்டும் எக்கச்சக்கம்.

முதல் ஓவர்க்ளாக்கை இன்றைக்கே, காசில்லாமல் செய்யுங்கள்: ராம். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போடாவிட்டால் 3200 ராம் 2133-லோ 2400-லோ தூங்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் வேகம் தெரியும். அப்புறம் அதே வகையில் இன்னொரு 8 ஜிபி. நாலு ஸ்லாட் போர்டு என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுங்கள், அப்போதுதான் டூயல் சேனல், அதாவது இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ப்ராசஸரில் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவதைவிட இது பல மடங்கு பேசும்.

5600 வந்த பிறகு பயாஸில் பிபிஓ-வில் (ஏஎம்டி-யின் தானியங்கி வேக செட்டிங்) ‘கர்வ் ஆப்டிமைசர்’ இருக்கிறதா பாருங்கள். எல்லா கோருக்கும் நெகட்டிவ் 10 வைத்து ஆரம்பியுங்கள். அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ். சூடு இறங்கும், சூடு இறங்கினால் ப்ராசஸர் தானாகவே அதிக நேரம் மேல் வேகத்தில் நிற்கும். கத்திரியில் அறையே 36, 37 டிகிரி இருக்கும் நம் ஊருக்கு இதுதான் சரியான ஓவர்க்ளாக். 5600-இன் எல்லை 90 டிகிரி. அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ அத்தனை டிகிரி அங்கேயும் ஏறும். சென்னையில் ஏசி அறையில் சோதித்த வீடியோவைப் பார்த்து எண்களைக் காப்பியடிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சினிபெஞ்ச் சோதனை ஓடி முடிந்துவிட்டது, ஆகவே ஸ்டேபிள் என்று நம்ப வேண்டாம். கர்வ் அதிகமாகிவிட்டால் முழு லோடில் நன்றாக ஓடும், சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். அப்படி நடந்தால் சுழியத்தை நோக்கி 5 படி குறையுங்கள், நெகட்டிவ் 10 என்றால் நெகட்டிவ் 5. ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றிச் சோதிக்கும் வசதி இருக்கிறது.

பாமணியாறு
மாட்டுவதற்கு முன்: 3200ஜி போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். பழைய பயாஸில் 5600 உயிர் பெறாது, திரை கறுப்பாகவே இருக்கும். போர்டுக் கம்பெனி தளத்தில் 5600-க்கு எந்த வெர்ஷன் என்று பார்த்து, பென்டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்து, பயாஸுக்குள் இருந்தே ஏற்றுங்கள். காலை நேரத்தில், இன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்திருக்கும்போது. நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துச் செங்கல்லாகிவிடும்.

கூலரைக் கழற்றும்போது நேராக இழுக்காதீர்கள். பேஸ்ட் காய்ந்திருந்தால் ப்ராசஸரே சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். உங்கள் போர்டின் ஏஎம்4 சாக்கெட்டில் பின் எல்லாம் ப்ராசஸரின் அடியில், வளைந்தால் போச்சு. பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை லேசாக இடவலமாகத் திருகி எடுங்கள். செகண்ட் ஹேண்டில் 5600 வாங்கினாலும் அடிப்பக்கப் படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ட்ரே பீஸாக (பெட்டியில்லாமல்) வாங்கினால் கூலர் வராது, 3200ஜி-யோடு வந்ததையே திரும்பப் போடலாம்.

நாகை உப்புக்காத்து
ஒரு சின்ன விஷயம். பக்கத்தில் ரைஸ்மில் இருந்தால் உமித்தூசு ஹீட்சிங்க்கில் பாய் மாதிரி படியும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விட்டால் பேரிங் போகும். எங்கள் பக்கம் தூசு பரவாயில்லை, கேபினெட் ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிப்பதுதான் தொல்லை.

நீடா கேமர்
அப்டேட்: எஸ்எம்பிஎஸ், 5600 இரண்டும் சென்னையிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸில் மச்சான் கையில் வந்தன. பயாஸ் ஏற்றி, மாட்டிவிட்டேன். முதல் தடவை ஆன் செய்ததும் ‘புது ப்ராசஸர், எஃப்டிபிஎம்’ என்று ஏதோ எழுதி, ஒய் (Y) அல்லது என் (N) அழுத்து என்று நிற்கிறது. பயமாக இருக்கிறது, எதையும் தொடவில்லை.

பழைய பயாஸ்
பயப்பட ஒன்றும் இல்லை. எஃப்டிபிஎம் என்பது ப்ராசஸருக்குள் இருக்கும் டிபிஎம், பாதுகாப்புச் சாவி வைக்கும் இடம். பழைய ப்ராசஸரோடு இருந்த சாவியை அழித்துப் புதிதாக வைக்கவா என்று கேட்கிறது. விண்டோஸின் பிட்லாக்கர் போட்டு டிஸ்க்கைப் பூட்டியிருக்கிறீர்களா? இருந்தால் ரிகவரி கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தாதீர்கள். இல்லையென்றால் ஒய். விண்டோஸ் 11-இல் வாலரண்ட்டுக்கு இந்த டிபிஎம்மும் பயாஸில் இருக்கும் ‘செக்யூர் பூட்’ செட்டிங்கும் வேண்டும், அதனால் என் (N) அழுத்திவிட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

நீடா கேமர்
பிட்லாக்கர் இல்லை. ஒய் அழுத்தினேன், விண்டோஸ் ஏறிவிட்டது. எக்ஸ்எம்பி போட்டு டாஸ்க் மேனேஜரில் 3200 காட்டுகிறது. கர்வ் நெகட்டிவ் 10-இல் ஜிடிஏ ஓடும்போது 71 டிகிரி. ஊருக்குள் வண்டி ஓட்டினால் தடுக்கவில்லை. இரண்டாவது ராம் அடுத்த மாதம்.

வெண்ணாற்றங்கரை
புது எஸ்எம்பிஎஸ் வந்துவிட்டதால் இன்வெர்ட்டர் ஸ்விட்சை நார்மலுக்குத் திருப்பி ஒரு சாயங்காலம் ஓட்டிப் பாருங்கள். அணையாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம், பேட்டரி மிச்சம். கரண்ட் முழுக்கப் போகும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் திரும்ப யுபிஎஸ் நிலைக்கே வாருங்கள், நார்மலில் மாறும் நேரம் அதிகம்.