யாழ் அணிக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டுமா, பப்பரே போதுமா?

வெள்ளவத்தைக்காரன்:
2020, 2021, 2022, 2024 என்று யாழ்ப்பாண அணி நான்கு தடவை எல்பிஎல் (லங்கா பிரீமியர் லீக்) கிரிக்கெட் கிண்ணத்தைத் தூக்கிவிட்டது. 2024 வெற்றி இங்கே கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில். ஆனால் பார்வையாளர் கலரியில் நாங்கள் சேர்ந்து பாட என்ன இருக்கிறது? ட்ரம்பெட்டும் மேளமுமாகப் பப்பரே பாண்ட் பைலா என்ற ஆட்டப் பாட்டு மெட்டுகளை ஊதுகிறது, நாங்கள் கை தட்டுகிறோம். விளம்பரத்துக்குப் போடும் பாட்டைச் சொல்லவில்லை, வாய்விட்டுப் பாட ஒரு தமிழ்ப் பாட்டு வேண்டும்.

கொட்டாஞ்சேனை:
எனக்கு உடன்பாடில்லை மச்சான். பப்பரே பாடசாலைப் பெரும் போட்டிகளில் வளர்ந்தது. கொழும்பில் றோயல்–தோமியன் பாடசாலைக் கிரிக்கெட் போட்டி 1879இலிருந்து நடக்கிறது, யாழ்ப்பாணத்தில் ‘வடக்கின் பெரும் போர்’ என்ற பாடசாலைக் கிரிக்கெட் போட்டி 1904இலிருந்து. ட்ரம்பெட் எழும்பினால் தமிழன், சிங்களவன், முஸ்லிம் எல்லாரும் ஒன்றாக ஆடுகிறார்கள். இந்த நாட்டில் அப்படி எத்தனை இடம் இருக்கிறது? தனிப் பாட்டு எடுத்தால் கலரி இரண்டாகப் பிரியும்.

வெள்ளவத்தைக்காரன்:
அதே ட்ரம்பெட்டுக்குச் சிங்கள வரிகளைப் பாடுகிறார்கள், நாங்களும் சந்தோஷமாகச் சேர்ந்து பாடுகிறோம். அப்போது பிரியாத கலரி, தமிழில் பாடினால் மட்டும் ஏன் பிரிய வேண்டும்?

கொட்டாஞ்சேனை:
உன் கேள்வி நியாயம்தான். ஆனாலும் பாட்டு ஓர்டர் கொடுத்துச் செய்கிற சாமான் இல்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் ஃபுட்போல் அணி ரசிகர்கள் தங்கள் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் பாடுவது, 1945இல் அமெரிக்க மேடை நாடகம் ஒன்றுக்கு எழுதிய பாட்டு. 1963இல் லிவர்பூல் நகர இசைக்குழுவொன்று அதைப் பாடிப் பிரபலமாக்க, ரசிகர்கள் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள்.

மட்டக்குளி அக்கா:
தம்பிமார், ஃபுட்போல் கணக்கு கிரிக்கெட்டுக்குச் சரிவராது. அங்கே ஆட்டம் தொடங்கும் முன் முழுப் பாட்டையும் பாடி முடிக்கலாம். இங்கே ஓவர் மாறுகிற நேரம், விக்கெட் விழுந்த நேரம், அவ்வளவுதான் கிடைக்கும். நீளமான பாட்டு முதல் சரணத்திலேயே செத்துவிடும். எங்களிடம் மீனவர்களின் அம்பாப் பாட்டு இருக்கிறதே! கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குவார்கள். ஒரு அடி, ஒரு பதில். வரி தெரியாதவனுக்கும் இரண்டாம் தடவை வாயில் வந்துவிடும், சிங்களப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். நிர்வாகத்தைக் கேட்டு நிற்கத் தேவையில்லை, அடியெடுக்க நல்ல குரல் ஒன்று போதும். 2023இல் காலமான இலங்கைக் கிரிக்கெட் ரசிகர் பேர்சி அபேசேகர கொடியையும் குரலையும் வைத்தே கலரியை எழுப்பிய மனிதர்.

வெள்ளவத்தைக்காரன்:
அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். வீரர் பெயரை அடியில் வைத்தால் ஆளுக்கு ஆள் மாற்றியும் பாடலாம்.

கொட்டாஞ்சேனை:
அம்பா நல்ல யோசனை அக்கா, மறுக்கவில்லை. ஆனால் ட்ரம்பெட் ஊதும் நேரத்தில் அதற்கு மேலால் கத்தக் கூடாது. சிக்ஸர் அடித்தால் அந்த இடம் பாண்டுக்குத்தான், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மட்டக்குளி அக்கா:
சிக்ஸரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. எங்கள் பந்துவீச்சாளர் ஓடி வரத் தொடங்கும் நேரத்தை எங்களுக்கு விடுங்கள்.